அழாமல் பிறந்த பிள்ளைகளுக்காக
(சென்னை ஐஐடி மூளை மையத்துக்கு ஒரு திறந்த மடல்)

சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மைய ஆய்வாளர்களுக்கு, மதுரையிலிருந்து.

2024 டிசம்பரில் நீங்கள் வெளியிட்ட 'தரணி' தொகுப்பு தமிழ்நாட்டுக்கே பெருமை. இரண்டாம் மும்மாதக் கருக்களின் மூளைகளை 5,132 மெல்லிய சீவல்களாக, ஒவ்வொரு செல்லும் தெரியும்படி படம்பிடித்து, உலகில் யாரும் இலவசமாகப் பார்க்கக் கொடுத்தீர்கள். இனி, பிறந்த பிள்ளையின் பக்கம் திரும்புங்கள் என்று கேட்கவே எழுதுகிறோம்.

பிறந்ததும் அழாத, மூளைக்கு ஆக்சிஜன் குறைந்த குழந்தையின் உடலை மூன்று நாள் குளிர்வித்து வைப்பது மேலைநாடுகளில் வழக்கமான சிகிச்சை. ஹெலிக்ஸ் என்ற ஆய்வு அதை இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் சோதித்தது. சென்னையும் அதில் பங்கேற்றது. 2021இல் வந்த முடிவு எல்லோரையும் உலுக்கியது: குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் பேர் இறந்தார்கள், குளிர்விக்காதவர்களில் 31 சதவீதம். லண்டனில் உயிர் காக்கும் சிகிச்சை இங்கே காக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு மூளைப் பாதிப்பு வேறு விதமாக, பிரசவத்துக்கு முன்பே மெல்லத் தொடங்குகிறதோ என்ற சந்தேகம் ஆய்வாளர்களுக்கு உண்டு. அதைத் தீர்க்க நம் பிள்ளைகளின் எம்ஆர்ஐ படங்கள்தான் வேண்டும். மேலைநாட்டுப் பிள்ளைகளின் இரவல் வரைபடம் உதவாது.

உச்சிக்குழியில் ஜெல் தடவி எடுக்கும் தலை ஸ்கேன், ரத்தக்கசிவைக் காட்டிவிடும். நுண்ணிய பாதிப்பு பலவும் அதில் தப்பிவிடும். எம்ஆர்ஐ என்றதும் தாய்மார் பதறுகிறார்கள். பதற வேண்டியதில்லை. கதிர்வீச்சு கிடையாது. பெரும்பாலும் மயக்க மருந்தும் வேண்டாம். பாலாடையில் தாய்ப்பால் புகட்டி, காதுக்குச் சத்தம் போகாமல் அடைத்து, துணியில் இறுகச் சுற்றினால், எம்ஆர்ஐ கருவியின் கடகடச் சத்தத்திலும் பிள்ளை தூங்கிவிடும். இதைத் தமிழில், தாயின் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது சொல்ல வேண்டும். சம்மதக் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள் வந்து சேருமிடம் எங்கள் பெரியாஸ்பத்திரி, அரசு இராசாசி மருத்துவமனை. மதுரை மருத்துவக் கல்லூரியோடு கைகோத்து இங்கே ஆய்வைத் தொடங்குங்கள். படம் எடுத்ததோடு போய்விடாதீர்கள். தலை நிற்கிறதா, உட்காருகிறதா, நடக்கிறதா என்று இரண்டு வயது வரையாவது பார்த்தால்தான் அந்தப் படத்துக்கு அர்த்தம் பிறக்கும். கூலி வேலையை விட்டுப் பிள்ளையைத் தூக்கி வரும் தாய்க்குப் பஸ் செலவையும் அன்றைய கூலியையும் ஆய்வு நிதியிலேயே ஒதுக்குங்கள். இது சலுகை அல்ல, ஆய்வின் செலவு.

நவம்பர் 15 முதல் 21 வரை தேசியப் பச்சிளம் குழந்தை வாரம். அதில் ஒருநாள் 'தரணி'யோடு மதுரைக்கு வாருங்கள். டாக்டர்களுக்கு மட்டுமன்றி, வார்டு நர்சுகளுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் பெற்றோருக்கும் அதைக் காட்டுங்கள். அவர்களிடம் உங்களுக்கான கேள்விகள் நிறைய இருக்கின்றன.