கருங்கல்லுக்கு ஒரு மதிப்பெண்

"கருங்கல் எவ்வகைப் பாறை?" என்று தேர்வில் ஒரு மதிப்பெண் வினா வந்தால் என்ன எழுதுவீர்கள்? "தீப்பாறை" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போவீர்கள். நானும் பள்ளியில் அப்படித்தான் எழுதினேன், மதிப்பெண்ணும் கிடைத்தது. அந்த வினாவையே கேட்கக் கூடாது என்பது இப்போது என் கட்சி. ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சென்னைக்கு அருகே பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் நீலச் சாயல் கொண்ட கரும்பாறையைக் காணலாம். நாம் கருங்கல் என்று பொதுவாகச் சொல்லும் பல கற்களுள் இதுவும் ஒன்று. இதன் பெயர் சார்னோகைட். கல்கத்தாவில் 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியேற்றத்தைத் தொடங்கிய ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறையால் ஆனது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணிபுரிந்த தாமஸ் ஹாலந்து 1893இல் அந்தக் கல்லை ஆராய்ந்தார். உள்ளே உறங்குபவரின் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார்!

உருகிய பாறைக் குழம்பு ஆழத்தில் மெல்லக் குளிர்ந்து உறைந்ததே சார்னோகைட் என்று ஹாலந்து கருதினார். அதாவது, தீப்பாறை. ஆனால் 1960இல் சி. எஸ். பிச்சமுத்து என்ற நம் நாட்டு அறிஞர், கர்நாடகத்தில் கப்பால்துர்கா என்னும் இடத்தில் வேறொரு காட்சியைச் சுட்டிக் காட்டினார். அங்கே வெளிர் நிற வரிகள் ஓடும் 'நைஸ்' என்ற பாறைக்குள் திட்டுத் திட்டாகச் சார்னோகைட் இருக்கிறது. குழம்பு வெளியிலிருந்து புகுந்து உறைந்திருந்தால் எல்லை பெரும்பாலும் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். இங்கோ வரிகள் சிறிது சிறிதாக மங்கி, கருமைக்குள் மறைகின்றன. ஒரு பாறை இன்னொன்றாக மாறிக்கொண்டிருந்தபோது, பாதி வழியில் நின்றுவிட்டது!

எப்படி மாறும்? 25 கிலோமீட்டர் ஆழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாறையின் அடர்த்தி நீரைப்போல் 2.8 மடங்கு. நீங்கள் படித்த hρg வாய்பாட்டைப் போட்டுப் பாருங்கள்; ஏறத்தாழ 7,000 வளிமண்டல அழுத்தம் வரும். வெப்பமோ 700 டிகிரி செல்சியசுக்கு மேல். அந்தச் சூழலில் கருப்பு அப்பிரகம் போன்ற, நீரைத் தன்னுள் பிணைத்து வைத்திருக்கும் கனிமங்கள் நீரை இழந்து சிதைகின்றன. நீரில்லாத ஹைபர்ஸ்தீன் என்ற கனிமம் பிறக்கிறது. பாறை முழுவதும் உருகத் தேவையில்லை.

அப்படியானால் சார்னோகைட் எந்த வகை? சில இடங்களில் தீப்பாறை, சில இடங்களில் உருமாறிய பாறை. குழம்பிலிருந்து உறைந்தது பிறகு ஆழத்தில் வெந்து உருமாறியதும் உண்டு. ஒரு சொல் விடைக்கு இங்கே இடம் எங்கே? H₂O திண்மமா, நீர்மமா என்று நான் கேட்டால், "எந்த வெப்பநிலையில் ஐயா?" என்று நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள். பாறையிடம் மட்டும் ஏன் கேட்பதில்லை?

இன்னொன்று. அவ்வளவு ஆழத்தில் வெந்த கல் இன்று நம் காலடியில் இருக்கிறதென்றால், அதன் மேலிருந்த பாறையெல்லாம் எங்கே? நிலம் உயர உயர, மழையும் வெயிலும் ஆறுகளும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துக் கடலுக்குக் கொண்டுபோயின. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணலும் செம்மணலும் பார்த்திருக்கிறீர்களா? கருப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். இத்தகைய பழைய பாறைகள் தேய்ந்து உதிர்த்தவை. அந்த மணல் புதைந்து இறுகினால் நாளைய படிவுப் பாறை.

வினாத்தாளில் என்னதான் கேட்பது? ஒரு துண்டு ஜல்லியை மாணவனிடம் கொடுத்து, "இதில் என்ன காண்கிறாய்? எதனால் இந்த வகை என்கிறாய்? எதில் உனக்கு ஐயம்?" என்று கேட்கலாம். செலவும் இல்லை. கல் குவாரிக்குள் போக வேண்டாம், அது ஆபத்து. உங்கள் தெருவில் வீடு கட்டும் இடத்தில் ஜல்லி குவித்திருப்பார்கள். கேட்டு இரண்டு கற்கள் வாங்கி, புதிதாக உடைந்த முகத்தை வெயிலில் பிடித்து உருப்பெருக்குக் கண்ணாடியால் பாருங்கள். மணிகள் ஒன்றையொன்று கவ்வியிருக்கின்றனவா? வரிகள் ஓடுகின்றனவா? இரண்டு கற்களும் ஒரே மாதிரி இல்லையென்றால் அதையும் எழுதிக்கொண்டு உங்கள் ஆசிரியரிடம் போங்கள்.