சேனைப்பூவை வெட்டியவர்களுக்கு ஒரு கண்டனம்

போன மே மாதம் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் எங்கள் அத்தை வீட்டுக் கொல்லையில் ஒரு கொலை நடந்தது. செத்தது ஒரு பூ. சிரிக்காதீர்கள். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

கோடை மழை பெய்து கொஞ்ச நாளில் குப்பை கொட்டும் மூலையில் தரையோடு தரையாக ஒரு கருஞ்சிவப்பு மொட்டு வந்திருக்கிறது. இலை கிடையாது, தண்டும் கிடையாது. அது விரிந்த அன்றைக்குச் சாயங்காலம் தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டது. எலி செத்திருக்கும் என்று அத்தை பரண் வரைக்கும் தேடியிருக்கிறார். ராத்திரிக்குள் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்த போட்டோ வாட்ஸப்பில் '12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் பிணப்பூ' என்ற பெயரில் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. அதைப் பார்த்த ஒரு பெரியவர், 'இது பூத்த வீட்டில் பிணம் விழும்' என்று சொல்லிவிட்டுப் போக, மறுநாள் காலையில் மாமா அரிவாளை எடுத்துவிட்டார். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது துண்டு துண்டாகக் கிடந்தது.

"மாமா, அது சேனைக்கிழங்கு மாமா!"

"அடப் போடா, சேனைக்கு ஏதுடா பூ?"

அறுபது வருஷமாகச் சேனை வறுவல் சாப்பிடுகிற மனுஷர் சொன்ன பதில் இது! இந்தப் பதிவு அவர் மேல் உள்ள கோபத்தில் எழுதியது இல்லை. அவருக்கு அப்படித் தோன்ற வைத்த நம் எல்லோர் மேலும் உள்ள கோபத்தில் எழுதியது.

முதலில் அந்த '12 வருஷம்' கதை. சுத்தப் பொய். சேனையை விற்பனைக்குப் பயிர் செய்கிறவர்கள் எட்டு ஒன்பது மாதத்தில் கிழங்கைத் தோண்டி எடுத்துவிடுவார்கள். பூப்பதற்கு அதற்கு நேரமே கொடுப்பதில்லை. தோண்ட மறந்த கிழங்கு மண்ணுக்குள் பெருத்து, வெயில் காலம் முழுக்கத் தூங்கி, மழை வாசனை பட்டதும் இலைக்கு முன்னால் பூவை அனுப்புகிறது. ஆக இந்த அபூர்வம் நம் மண்வெட்டியால் வந்தது. இதில் தெய்வக் குற்றமும் இல்லை, அதிசயமும் இல்லை.

அடுத்து, அந்தப் பூ என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்ப்போம். நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்களின் கூட்டம். சுற்றிலும் பாவாடை மாதிரி ஒரு மடல். நடுவில் தடியான ஒரு தண்டு, அதன் தலையில் மூளை மாதிரி சுருங்கிய கருஞ்சிவப்புக் கொண்டை. கொண்டைக்குக் கீழே ஆண் பூக்கள், அதற்கும் கீழே பெண் பூக்கள். முதலில் தயாராவது பெண் பூக்கள்தான். அந்த நேரத்தில் செடி கிழங்கில் சேர்த்து வைத்த மாவுச்சத்தை எரித்து கொண்டையைச் சூடாக்குகிறது. ஆமாம், செடிக்குக் காய்ச்சல் மாதிரி சூடு ஏறுகிறது! அந்தச் சூட்டில் டைமெத்தில் டைசல்பைடு, டிரைசல்பைடு போன்ற கந்தகச் சேர்மங்கள் ஆவியாகிக் காற்றில் பரவுகின்றன. அழுகும் இறைச்சியிலிருந்து வருவதும் இதே சேர்மங்கள்தான். பிணம் தின்னும் வண்டுகளும் ஈக்களும் 'எங்கேயோ விருந்து' என்று ஓடி வந்து அடியில் இறங்குகின்றன. ஏற்கெனவே வேறு சேனைப்பூவுக்குப் போய் வந்த வண்டாக இருந்தால், அதன் உடம்பில் ஒட்டிய மகரந்தம் பெண் பூக்களுக்குக் கிடைக்கும். அதற்குப் பிறகுதான் ஆண் பூக்கள் மகரந்தத்தை உதிர்க்கும். வண்டு அதைப் பூசிக்கொண்டு அடுத்த பூவைத் தேடிக் கிளம்பும். அதற்குள் நாற்றமும் அடங்கிவிடும்.

அதாவது மாமா இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் அரிவாளுக்கு வேலையே இருந்திருக்காது.

பி.காம். படிக்கிறவன் என்ற முறையில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இது மோசடிதான். 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி பார்த்தால் 17ஆம் பிரிவில் கேஸ் போடலாம். கறி இருக்கிறது என்று விளம்பரம் செய்துவிட்டுக் கடையில் கறியே வைக்காத வியாபாரம். பலர் வீட்டில் தொட்டியில் வளர்க்கிறார்களே, நட்சத்திர மீன் மாதிரி பூக்கும் தென்னாப்பிரிக்கச் செடி ஸ்டபீலியா, அது இன்னும் மோசம். ஈ ஏமாந்துபோய் அந்தப் பூவிலேயே முட்டை போடும். பொரித்து வரும் புழுவுக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. ஆனால் கேஸ் போட வேண்டியது ஈதான். மனிதனுக்கு இந்தச் செடி என்ன துரோகம் செய்தது? கிழங்கைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

இதே சேனையின் பெரிய அண்ணன் சுமத்ரா காட்டில் இருக்கிறது. ஆமார்போஃபாலஸ் டைட்டானம். மூன்று மீட்டர் உயரம்கூட வளரும். 1889இல் லண்டன் கியூ தோட்டத்திலும் 1937இல் நியூயார்க் தாவரவியல் பூங்காவிலும் பூத்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி 1939 முதல் 2000 வரை அதைத் தன் அதிகாரப்பூர்வ மலராகவே வைத்திருந்தது. இன்றைக்கும் அது எங்கே பூத்தாலும் ஜனங்கள் வரிசையில் நின்று முகர்ந்துவிட்டு வருகிறார்கள். அதன் தம்பி நம் கொல்லையில் பூத்தால் அரிவாள்! வெளிநாட்டு நாற்றம் என்றால் அறிவியல், உள்ளூர் நாற்றம் என்றால் அபசகுனமா?

'நாற்றம் நாற்றம்தானே, அருவருப்பு வருவது இயற்கைதானே' என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. அழுகியதைத் தின்றால் வியாதி வரும், அதனால் நம் மூக்கு எச்சரிக்கிறது. மூக்கு செய்வது சரி. தப்பு அதற்குப் பிறகு நடக்கிறது. மூக்கு 'தள்ளிப் போ' என்று மட்டும்தான் சொல்கிறது. 'இது கெட்டது, இதை வெட்டு' என்று சொல்வது நாம்தான். மூக்கின் தீர்ப்பும் அவ்வளவு நேர்மையானது இல்லை. நாம் தலையில் வைக்கிற மல்லிகையின் வாசனையில் இண்டோல் இருக்கிறது. மலத்தில் இருப்பதும் அதே இண்டோல்தான், அளவுதான் வேறு. 'நாற்றம்' என்ற சொல்லே பழைய தமிழில் நறுமணத்தையும் குறித்தது. ஆண்டாள் 'நாறுதல்' என்பதை எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நாச்சியார் திருமொழியில் பாருங்கள். சொல்லைக் கெடுத்ததும் நாம்தான்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது? சொல்லிவிடுகிறேன். என் அம்மா மாமல்லபுரம் கடற்கரையில் மீன் வாங்கிக் கூடையில் விற்கிறவர். பஸ்ஸில் அவர் ஏறினால் பக்கத்து சீட் காலியாகும். சின்ன வயசில் கூடப் போகும்போது நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். இதை இதுவரைக்கும் எங்கேயும் எழுதியதில்லை. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் ஒரு மூதாட்டியை நாற்றம் என்று சொல்லி அரசு பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பஸ் நிலையத்தில் நின்று நியாயம் கேட்ட வீடியோ பரவி, முதல்வர் கண்டித்து, மூன்று ஊழியர்களை சஸ்பெண்ட் செய்தார்கள். வீடியோ எடுக்காத நாட்களில் எத்தனை பேரை இறக்கினார்களோ?

பூவும் மனுஷியும் ஒன்றா என்று கேட்காதீர்கள். ஒன்றில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் வேலை செய்வது ஒரே பழக்கம். என் மூக்குக்குப் பிடிக்காதது இங்கே இருக்கக் கூடாது என்கிற பழக்கம். வண்டுக்கு அந்த வாசனை சாப்பாடு. எங்களுக்கு மீன் வாசனை சாப்பாடு, என் காலேஜ் ஃபீஸும் அதுதான்.

அடுத்த கோடை மழைக்கு உங்கள் கொல்லையில் இப்படி ஒன்று முளைத்தால் ஜன்னலைச் சாத்துங்கள், மூக்கில் துணி கட்டுங்கள், தப்பே இல்லை. இரண்டு நாள் மட்டும் விட்டுவையுங்கள். அரிவாள் எங்கேயும் போய்விடாது.

டிஸ்கி: அத்தை வீட்டில் இதுவரை பிணம் எதுவும் விழவில்லை. கிழங்கு இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. தோண்டக் கூடாது என்று மாமாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன் :-)