நான்கு பூனைகளும் ஓர் அறுவைச் சிகிச்சையும்



கடந்த ஞாயிறு இறுதியாசீருக்கு முன்னர் நான் வாசித்த அறிவித்தல்களுள் கடைசியானது உங்களில் பலருக்குச் சிரிப்பை மூட்டியது. நமது பங்கைச் சேர்ந்த தாயார் ஒருவர் இடுப்பு மூட்டு அறுவைச் சிகிச்சைக்குச் செல்லவிருக்கிறார், அவர் வளர்க்கும் நான்கு பூனைகளை ஆறு வாரங்கள் பராமரிக்க ஆட்கள் தேவை என்பதே அந்த அறிவித்தல். சிரித்தவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை; வாசிக்கும்போது எனக்கே சற்றுச் சிரிப்பு வந்தது. ஆனால் திருப்பலி முடிந்து மண்டபத்தில் தேநீர் அருந்துகையில் ஒருவர் என்னிடம் வந்து, "சுவாமி, முல்லைத்தீவில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போகச் சப்பாத்து இல்லை. நாங்கள் லண்டனில் இருந்துகொண்டு பூனைக்கு ஆள் தேடுகிறோம்" என்றார். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஆண்டுதோறும் அந்தப் பிள்ளைகளுக்காகத் தம் சம்பளத்திலிருந்து பணம் ஒதுக்குபவர் அவர். ஆகவே அவருக்குத் தேநீர்க் கோப்பையுடன் நின்றவாறு இரண்டு வரியில் மறுமொழி கூறுவது முறையன்று எனக் கருதி, இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தாயாரைப் பற்றி. அவரது அனுமதியோடுதான் எழுதுகிறேன்; பெயரைத் தவிர்க்கிறேன். வயது 74. கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகள். மகன் கனடாவில், மகள் அவுஸ்திரேலியாவில். இருவரும் நல்ல பிள்ளைகள்; நாள் தவறாமல் தொலைபேசியில் பேசுகிறார்கள். ஆனால் தொலைபேசியால் ஒரு வாளி தண்ணீரைத் தூக்க முடியாது. இந்தத் தாயார் மூன்று ஞாயிறுகள் கோவிலுக்கு வரவில்லை. நாம் எவரும் அதைக் கவனிக்கவில்லை. பங்குத்தந்தையாகிய நானும் கவனிக்கவில்லை. நான்காவது வாரம் வீட்டுக்குச் சென்றபோதுதான், அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே நடப்பதையும், அறுவைச் சிகிச்சைக்கான நாளை ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போட்டிருப்பதையும் அறிந்தேன். ஏன் என்று கேட்டேன். "நான் போய்ப் படுத்தால் இதுகளை ஆர் பார்க்கிறது, சுவாமி?" என்றார்.

இதுகள் என்பன நான்கு. மூத்தவள் கறுப்பி, வயது 15. அடுத்தவன், வீடு மாறிச் சென்ற அயலவர் விட்டுச்சென்ற பெரிய ஆண் பூனை. மற்ற இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், மழை நாளொன்றில் பின்வளவுக் கொட்டிலில் கிடந்து எடுக்கப்பட்டவை. நான்கையும் அவர் தேடிப்போய் வாங்கவில்லை. நான்கும் வந்து சேர்ந்தவை.

இனி அந்த நண்பரின் கேள்விக்கு வருகிறேன். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி இதைப் பற்றி மௌனமாக இல்லை. விலங்குகள் இறைவனின் படைப்புகள், அவற்றுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள் என்று 2416ஆம் எண் கூறுகிறது. அசிசி நகர் புனித பிரான்சிசையும் புனித பிலிப்பு நேரியையும் அங்கே நினைவூட்டுகிறது. அதே மறைக்கல்வி 2418ஆம் எண்ணில், மனிதத் துயரைத் தணிப்பதற்கு முதலில் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என்றும், மனிதருக்கே உரிய அன்பை அவற்றின்மீது திருப்பிவிடலாகாது என்றும் எச்சரிக்கிறது. நண்பர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். பூனைப் பிரியர்கள் முதலாவதைப் பிடித்துக்கொள்வார்கள். நான் இரண்டையும் ஏற்கிறேன். ஆனால் நாம் கேட்டது பணமன்று. முல்லைத்தீவுக்குச் செல்லும் ஒரு பவுணும் இதனால் குறையவில்லை. நாம் கேட்டது ஒருவரது நாளில் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தால் பயன்பெறுவது பூனையா, மனிதரா என்று கேட்டால், அறுவைச் சிகிச்சை மேசையில் படுக்கப்போகிறவர் மனிதர்தாம் என்பேன்.

புனித பிலிப்பு நேரியின் வரலாற்றை இங்கே சொல்லியே ஆகவேண்டும். அவர் உரோமையில் நெடுங்காலம் வாழ்ந்த சான் ஜிரோலமோ இல்லத்திலிருந்து புதிய கோவிலுக்கு மாறியபோது, தம் பூனையைப் பழைய அறையிலேயே விட்டுச் சென்றார். பின்னர் தம்மிடம் ஒப்புரவுக்கு வருபவர்களை, அவர்களுள் பெருங்குடி மக்களும் இருந்தார்கள், அந்தப் பூனைக்கு உணவு கொடுத்து வருமாறு அனுப்பினார். திரும்பி வந்தவர்களிடம் அது நலமா, நன்றாக உண்டதா என்று எல்லோர் முன்னிலையிலும் விசாரித்தார். அவர்களது செருக்கை அடக்குவதற்காகவே அவ்வாறு செய்தார் என்பர். எனக்கென்னவோ, அவர் பூனையையும் உண்மையிலேயே நினைத்திருப்பார் என்றே படுகிறது. (திருவிவிலியத்தில் பூனை எங்கே வருகிறது என்று மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். பாரூக்கு நூலின் 6ஆம் அதிகாரத்தில், சிலைகளின்மேல் உட்காரும் உயிரினங்களோடு ஒரேயொரு தடவை. பெருமைப்படும்படியான இடமன்று.)

இந்த விடயத்தில் எனக்கு ஒரு கடன் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பீடத்தைச் சோடித்த வெள்ளை லீலி மலர்களை, வாடுமுன் வீடுகளுக்குக் கொண்டுபோகுமாறு நானே அள்ளிக் கொடுத்தேன். அவற்றைப் பெற்ற வீடுகளுள் ஒன்றில் ஓர் இளம் பூனை இருந்தது. அது மலரில் உரசி, உடலில் ஒட்டிய மகரந்தத்தை நக்கித் துப்புரவு செய்திருக்கிறது. அன்றிரவு வாந்தி எடுத்தது. மறுநாள் சற்றுத் தேறியதுபோல் தோன்றவே வீட்டார் நிம்மதியடைந்தார்கள். மூன்றாம் நாள் சிறுநீரகங்கள் செயலிழந்து இறந்துபோயிற்று. ஆசீர்வதித்த பூ எப்படி நஞ்சாகும் என்று அந்த வீட்டுச் சிறுமி என்னிடம் கேட்டாள். மறைக்கல்வியில் அதற்கு எண் கிடையாது.

லீலியின் இலை, தண்டு, இதழ், மகரந்தம், பூச்சாடித் தண்ணீர் என அனைத்தும் பூனைக்கு நஞ்சு என்பதை அதன் பின்னரே அறிந்தேன். நாய்க்கு அது இவ்வாறு சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை, பூனைக்குக் கெடுக்கும். மகரந்தம் பட்டதாக ஐயம் எழுந்தாலே, வாந்தி வரும்வரை காத்திராமல், அந்த மணி நேரத்திலேயே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். முதல் சில மணி நேரங்களில் சிகிச்சை தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு உண்டு. சிறுநீரகம் கெட்ட பின்னர் பெரும்பாலும் இல்லை. அன்று முதல் நமது கோவிலிலிருந்து லீலி மலர்களை எவருக்கும் கொடுப்பதில்லை. மார்ச் 19 புனித சூசையப்பர் விழாவுக்கும் ஜூன் 13 புனித அந்தோனியார் விழாவுக்கும் துணியாலான லீலிகளையே வைக்கிறோம். அவை அழகாக இல்லை என்று முறையிடுபவர்களுக்கு இதுதான் காரணம். மரண வீடுகளிலிருந்து மலர்க்கொத்துகளைக் கொண்டுசெல்பவர்களும் இதை மனத்தில் கொள்ளுங்கள்.

மறுபடி அந்தத் தாயாரின் வீட்டுக்கு வருகிறேன். பூனை பார்ப்பது என்றால் கிண்ணத்தில் உணவைக் கொட்டிவிட்டு வருவது என்றே நான் எண்ணியிருந்தேன். அவர் ஒரு கொப்பியை என் கையில் தந்தார். நான்கு பூனைக்கும் தனித்தனிப் பக்கம், மாதந்தோறும் எடை, யார் எப்போது வாந்தி எடுத்தது, யார் எப்போது உண்ணவில்லை என்ற குறிப்புகள். "ஒன்று மட்டும் என்றால் வருத்தம் தெரியும் சுவாமி, நாலுக்குள்ளே ஒன்று சாப்பிடாவிட்டால் கிண்ணம் எப்படியும் வெறுமையாகிவிடும்" என்றார். பூனை தன் நோவை மறைக்கும் உயிரினம். ஒரே கிண்ணத்தில் நான்கும் உண்டால், பட்டினி கிடப்பது எது என்று யாருக்கும் தெரியவராது. இரண்டு மூன்று நாட்கள் உண்ணாதிருந்தாலே, குறிப்பாகக் கொழுத்த பூனைக்கு, ஈரல் கெட்டுவிடக்கூடும். அதனால் அவர் நான்கையும் நான்கு மூலைகளில் வைத்து உணவூட்டுகிறார். மூன்று வாரம் அவரைக் காணாதிருந்த நான், அந்தக் கொப்பியை வாசித்து வெட்கப்பட்டேன்.

மணல் தட்டுகள் பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, அதாவது ஐந்து. அவையும் ஒரே இடத்தில் வரிசையாக இல்லாமல் வெவ்வேறு இடங்களில். பூனைகள் கூட்டமாக வேட்டையாடிப் பழகிய இனமன்று. ஒன்று வழிமறித்தால் மற்றது அடக்கிக்கொண்டிருக்கும். அந்த மனவழுத்தமே சிறுநீர்ப்பை நோயைக் கொண்டுவரும். ஆண் பூனை தட்டுக்குப் போய்ப் போய் முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அது மலச்சிக்கல் என்று எண்ணி விடியும்வரை பொறுத்திருக்கலாகாது. அடைப்பு ஓரிரு நாளில் உயிரைக் குடிக்கும்.

நமது வீடுகளுக்கென்றே சில எச்சரிக்கைகள் உண்டு. எதற்கெடுத்தாலும் பனடோல் கொடுப்பது நமது வழக்கம். பரசிட்டமோலைச் சிதைக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரேயொரு வில்லை போதும், கொன்றுவிடும். மீதமான மீன் குழம்பில் சோற்றைப் பிசைந்து வைப்பதும் அன்பென்றே நினைக்கிறோம். அதில் கிடக்கும் வெங்காயமும் உள்ளியும் பூனையின் குருதியணுக்களைச் சிதைப்பவை. நாய்க்கென்று விற்கப்படும் தெள்ளு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் உண்டு. அதைப் பூனைக்குப் பூசினால் வலிப்பு வந்து இறக்கும். இன்னொன்று: தவக்காலத்தில் வீடு முழுவதும் மரக்கறி என்பதற்காகப் பூனையையும் ஒறுத்தலில் சேர்க்காதீர்கள். டோரின் என்ற சத்தைப் போதிய அளவு தானே உண்டாக்க இயலாத உடல் அது. அது குறைந்தால் கண்ணும் இதயமும் பழுதாகும். நாற்பது நாள் நோன்பு திருமுழுக்குப் பெற்றவர்களுக்கானது.

மருமகள் கருவுற்றாள் என்று கேட்டவுடன் பூனையைத் துரத்தும் மாமியார்களுக்கும் ஒரு சொல். பூனை மலத்தின் வழியே பரவும் டொக்சோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் கருவுக்குக் கேடு செய்யவல்லது என்பது மெய்யே. ஆனால் அது தொற்றும் நிலையை அடையக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். தட்டை நாள்தோறும் வேறொருவர் துப்புரவு செய்தால் போதும். அந்த வேறொருவர் கணவராக இருப்பதற்குத் திருச்சபைச் சட்டத்தில் தடையில்லை. சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் அதே தொற்றைத் தரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பூனை வளர்ப்போரை மட்டும் புகழ்ந்துவிட்டு நான் தப்பிக்கப் போவதில்லை. புதுநன்மைப் பரிசாகப் பிள்ளைக்குப் பூனைக்குட்டி வாங்கி, அடுத்த தவக்காலத்துக்குள் அதை யாரிடமாவது தள்ளிவிடும் வீடுகள் நமது பங்கில் உள்ளன. நான்கு மாதத்திலேயே பெண் பூனை கருவுறக்கூடும். ஒன்பது வாரத்தில் ஈனும். கருத்தடை செய்விப்பது பாவமா என்று ஒருவர் மெய்யாகவே என்னிடம் கேட்டார். இல்லை. மனிதருக்கான போதனையை விலங்குக்கு நீட்டாதீர்கள். 2024 ஜூன் 10 முதல் இங்கிலாந்தில் 20 வாரத்துக்குள் பூனைக்கு மைக்ரோசிப் பொருத்துவது கட்டாயம். தவறினால் 500 பவுண் வரை தண்டம். 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் உணவு, உறைவிடம், நோய்க்குச் சிகிச்சை ஆகியவற்றை வளர்ப்பவரின் கடமையாக்குகிறது. வசதியில்லாதவர்களுக்கு, தகுதியுடையோர்க்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை அளிக்கும் பி.டி.எஸ்.ஏ போன்ற அறநிலையங்கள் உள்ளன. கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். அதுவும் இயலாதென்றால் வளர்க்க வேண்டாம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜனவரியில், பிள்ளைகளுக்குப் பதிலாக நாயையும் பூனையையும் வைத்துக்கொள்ளும் இணையர்களைக் கண்டித்தாரே என்று இன்னொருவர் நினைவூட்டினார். ஆம், கண்டித்தார், அவர் கூறியதில் பொருள் உண்டு. ஆனால் இந்தத் தாயார் பிள்ளைகளைப் பெற்று, போருக்குள் காத்து, கடல் கடத்திக் கொண்டுவந்து, படிப்பித்து, அவர்களை மேலும் இரண்டு கடல்களுக்கு அப்பால் அனுப்பி வைத்தவர். பிள்ளைகள் இருக்க வேண்டிய நாற்காலியில் பூனை உட்கார்ந்திருப்பதற்கு அவரைக் குறை சொல்வது எனக்கு இயலாது. அவரது அமைதியான வீட்டில், விடியற்காலையில் அவரை எழுப்புவதற்கு உயிருள்ள ஏதோ ஒன்று இருப்பதற்காக நான் இறைவனுக்கு நன்றி கூறுகிறேன். முதியோரின் வளர்ப்பு விலங்குகளைக் கவனிப்பதற்கென்றே 1985 முதல் சினமன் டிரஸ்ட் என்ற அறநிலையம் இந்த நாட்டில் இயங்குகிறது. அதை அணுகலாமே என்றேன். "தெரியாத ஆக்கள் வீட்டுக்குள்ளே வருவினம், சுவாமி" என்று தயங்கினார். தெரிந்த ஆட்களாகிய நாம் அவருக்கு எந்த அளவுக்குத் தெரிந்தவர்கள் என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

சிரிப்புக்குப் பின்னரும் ஐந்து பேர் பெயர் தந்திருக்கிறார்கள். அவர்களுள் சப்பாத்தைப் பற்றிக் கேட்ட நண்பரும் ஒருவர். செவ்வாய்க்கிழமை மாலை அவருடையது. அறுவைச் சிகிச்சை அடுத்த மாத முதல் வாரத்தில். குனியக்கூடாது என்பது வைத்தியர் கட்டளை. குனியாமல் மணல் தட்டைத் துப்புரவு செய்ய எவராலும் இயலாதாகையால், தாயார் வீடு திரும்பிய பின்னரும் ஆறு வாரம் முடியும்வரை இது தொடரும். திறப்பு என்னிடம் இருக்கும். கொப்பியில் எழுதாமல் எவரும் வெளியேறக் கூடாது என்பது தாயாரின் நிபந்தனை.

கறுப்பிக்குத் தைரொயிட் நோய் இருப்பதால் காலையும் மாலையும் வில்லை கொடுக்க வேண்டும். அந்த வில்லையை உடைக்கவோ பொடியாக்கவோ கூடாது. கருவுற்றிருப்பவர்கள் அதைத் தொடுவதும் நன்றன்று. அவள் எளிதில் விழுங்கமாட்டாள், நான் முயன்று கையில் இரண்டு கீறல்களோடு திரும்பினேன். வியாழக்கிழமைக்கும் சனிக்கிழமைக் காலைக்கும் இன்னும் ஆட்கள் தேவை. பூனையைப் பிடித்துப் பழகியவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.