மஞ்சள் தண்ணீருக்கு ஒரு வக்கீல்

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் 1995-ல் மூடப்பட்ட ஓர் ஆலையின் கழிவு, முப்பது ஆண்டுகள் ஆகியும் முழுதாக அப்புறப்படுத்தப்படவில்லை. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்பது ஆலையின் பெயர். 1970-களில் தொடங்கி, குரோமைட் தாதுவிலிருந்து சோடியம் டைகுரோமேட்டும், தோல் பதனிட உதவும் குரோமியம் சல்பேட்டும் செய்தார்கள். எடுத்தது போக மிஞ்சிய சக்கை இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல். அதில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது. தண்ணீரில் எளிதாகக் கரையும், புற்றுநோய் உண்டாக்கும். மழைக்காலத்தில் குவியலின் அடியிலிருந்து மஞ்சளாகக் கசிந்து ஓடும். 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகிலேயே மோசமாக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் அதில் இடம்பெற்றது.

குவியலை என்ன செய்வது என்று பேச மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது, வல்லுநர்கள் இருக்கிறார்கள், பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. சுற்றிக் குடியிருப்பவர்களுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? இந்த மாவட்டத்து நீதிமன்றங்களில் வழக்காடுபவள் என்ற முறையிலும், இலவச சட்ட உதவி வக்கீல்கள் பட்டியலில் இருந்தவள் என்ற முறையிலும் இந்தக் கேள்வியை எழுப்புகிறேன். நம் சட்ட உதவி, வழக்கு என்று ஒன்று உருவான பிறகுதான் வருகிறது. மாசுபட்ட நிலத்துக்குப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கோ வழக்கு உருவாவதற்கு முன்னாலேயே செத்துப்போகிறது. சாட்சியம் சேர்க்கும் கட்டத்திலேயே அவர்களுக்கு வக்கீல் வேண்டும்.

ஓர் அம்மா என்னிடம் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தார். வெளிறிய மஞ்சள் நிறம், வெயிலில் பிடித்தால் நன்றாகத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கிணற்றுத் தண்ணீர். அதே தண்ணீரை ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் தன் காசைக் கொடுத்துச் சோதித்தும் வைத்திருந்தார். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அவர் அறிக்கையில் இருந்த எண் அதைவிடப் பல மடங்கு. எண்ணைப் பார்த்ததும் எனக்கும் நம்பிக்கை வந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். கடைசியில் சிறிய எழுத்தில் ஒரு வரி: மாதிரி வாடிக்கையாளரால் கொண்டுவரப்பட்டது, முடிவுகள் அந்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த ஒரு வரி போதும். எந்தக் கிணறு, எப்போது எடுத்தது, யார் முன்னிலையில், பாட்டில் சுத்தமாக இருந்ததா, குளிரில் வைத்துக் கொண்டுபோனீர்களா என்று கேட்டுக்கொண்டே போகலாம். இதை நான் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டார்: “தண்ணி மஞ்சளா வர்றது ஊருக்கே தெரியும். தெரிஞ்சத எதுக்கும்மா நிரூபிக்கணும்?”

நியாயமான கேள்விதான். ஆனால் சட்டம் அப்படித்தான் நடக்கிறது. அந்த மாதிரியை ஒரு வக்கீலின் மேற்பார்வையில், கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில், முத்திரை வைத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தின் ஆளே வந்து எடுத்திருந்தால் அது சாட்சியம். அவரே எடுத்துப் போனதால் வெறும் பாட்டில். அதற்கு அவர் செலவழித்த பணமும் வீண்.

தண்ணீரோடு இது முடிவதில்லை. நிலம் கெட்டது என்று சொன்னால் நிலத்தின் காகிதத்தைக் காட்டச் சொல்வார்கள். பட்டா தாத்தா பேரில் இருக்கும். வாரிசுச் சான்றிதழ் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். குத்தகைக்கு உழுதவருக்கு அதுவும் கிடையாது. இந்த வழக்குகளில் நான் மிகவும் மதிக்கும் ஆவணம் அடங்கல். எந்தப் பசலி ஆண்டில் எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் நின்றது என்று அதில் இருக்கும். நெல், வேர்க்கடலை, மறுபடி நெல் என்று போய்க்கொண்டிருந்த பதிவு ஒரு பசலியிலிருந்து தரிசு, தரிசு, தரிசு என்று தொடர்ந்தால், அந்த ஊர்க் கிணற்றுக்கு என்ன ஆயிற்று என்பதை எந்த நிபுணரையும்விடத் தெளிவாக அது சொல்லிவிடும். எந்த அலமாரியில் அது கிடக்கிறது, எப்படி நகல் மனு போடுவது, மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் எப்படிக் கேட்பது என்பதெல்லாம் ஒரு விவசாயக் கூலிக்கு எப்படித் தெரியும்? உடம்பு கெட்டதற்கும் இதே கதைதான். அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. குரோமியத்தோடு வேலை பார்த்தவர்களுக்குக் கையில் ஆறாத புண் வரும், மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழும். மருத்துவர் எழுதித் தந்தால் அது ஆதாரம். வேலைக்குப் போன கம்பெனியில் அடையாள அட்டையே கொடுக்கவில்லை என்றால் அங்கே வேலை பார்த்ததையே முதலில் நிரூபிக்க வேண்டும்.

இதற்கு நடுவில் கெடு வேறு ஓடுகிறது. 2010-ம் ஆண்டின் தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டப்படி இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டு அவகாசம். எதிலிருந்து ஐந்து ஆண்டு? இழப்பீட்டுக்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து. ஆலை மூடியதே 1995-ல் என்னும்போது எதிர்த்தரப்பு எதைச் சொல்லும் என்பது தெரிந்ததுதான். ஒவ்வொரு மழைக்கும் விஷம் புதிதாக இறங்குகிறது, இது தொடரும் தீங்கு என்று வாதாட வழி உண்டு. காலவரையறைச் சட்டத்தின் 22-வது பிரிவு அதற்குத் துணை நிற்கும். ஆனால் அந்த வாதத்தைத் தாங்க, வருடாவருடம் எடுத்த தண்ணீர் அறிக்கை கையில் வேண்டும். கட்டணமும் இருக்கிறது. இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்று. நூறு குடும்பம் சேர்ந்து குடும்பத்துக்கு ஐந்து லட்சம் கேட்டால் ஐந்து லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு என்று விதி சொல்கிறது. அதைக் கேட்டு வாங்கவும் ஆள் வேண்டும். கம்பெனி கலைப்பு நடவடிக்கையில் இருந்தால், அதன் மீது வழக்குப் போடவே தனியாக அனுமதி வாங்க வேண்டும்.

இத்தனையையும் கூலிக்காரக் குடும்பங்கள் தாங்களே செய்துகொள்ள வேண்டும் என்று நம் சட்டம் சொல்லவில்லை. ஏழ்மை காரணமாக யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 39-ஏ பிரிவு. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தில், கட்டணமில்லாமல் வக்கீல் பெறத் தகுதி உள்ளவர்கள் யார் யார் என்று 12-வது பிரிவு வரிசைப்படுத்துகிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள் ஆகியோரோடு தொழிற்சாலைப் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களும் அதில் இருக்கிறார்கள். அதே சட்டத்தின் 4-வது பிரிவு, சுற்றுச்சூழல் பாதுகாப்புக்காக சமூக நீதி வழக்குகளை முன்னெடுப்பதைத் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கடமையாகவே எழுதி வைத்திருக்கிறது.

பேரிடர் என்றதும் நம் அலுவலகங்களுக்குப் போபால் விஷவாயுக் கசிவு நினைவுக்கு வருகிறது. 1984 டிசம்பரில் ஒரே இரவில் நடந்தது. அதற்கென்று மறு ஆண்டே தனிச் சட்டம் வந்தது. ஆலை வளாகத்தில் தேங்கிய கழிவில் 337 டன்னை அங்கிருந்து எடுத்துப்போக 2025 ஜனவரி வரை ஆனது. ஓர் இரவில் கொல்வது பேரிடர், முப்பது வருடம் நிலத்தடி நீரில் இறங்குவது பேரிடர் இல்லை என்று சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழு நாளைக்கே ஒரு சுற்றறிக்கையில், ஆலைக் கழிவால் கெட்ட நிலத்தடி நீரை நம்பி வாழ்பவர்கள் தொழிற்சாலைப் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களே என்று தெளிவுபடுத்தலாம். செய்ய வேண்டும்.

நான் கேட்பது புதிதும் அல்ல. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தோல் ஆலைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தந்த தீர்ப்பை இன்று சட்டக் கல்லூரிகளில் எல்லா மாணவர்களும் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்று உறுதியாகச் சொன்ன தீர்ப்பு. அதன் தொடக்கப் பக்கங்களை மெதுவாகப் படித்தால் ஒரு தகவல் கண்ணில் படும். தமிழ்நாடு சட்ட உதவி மற்றும் ஆலோசனை வாரியம் இரண்டு வக்கீல்களை ஊருக்குள் அனுப்பி, பாதிப்பைப் பார்த்து அறிக்கை தரச் சொன்னது. அந்த அறிக்கையைத் தன் தீர்ப்பில் நீதிமன்றம் எடுத்துக்காட்டுகிறது. ஆக, சட்ட உதவி அமைப்பு ஆலைப் பகுதிக்கே நேரில் போய்ச் சாட்சியம் திரட்டிய முன்மாதிரி நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. அந்தப் பழக்கம் எப்போது விட்டுப்போனது?

அந்த வழக்கின் மீதிக் கதையையும் சொல்ல வேண்டும். தீர்ப்பின்படி அமைந்த சூழலியல் இழப்பு ஆணையம் 2001 மார்ச்சில் இழப்பீட்டை நிர்ணயித்தது. 2009-ல் மேலும் ஓர் உத்தரவு வந்தது. இரண்டின்படியும் இன்னும் பணம் சேராதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுங்கள் என்று 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. 1991-ல் முப்பது வயது விவசாயிக்கு இப்போது அறுபத்தைந்து ஆகியிருக்கும். வழக்கில் ஜெயிப்பது பாதி வேலைதான். அந்தத் தொகை வீட்டுக்கு வந்து சேரும்வரை யாராவது கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அலைய வேண்டும். அந்த வேலைக்குத் தனி வக்கீல் யாரும் முப்பது வருடம் உடன் வர முடியாது. நிரந்தரமான ஓர் அலுவலகத்தால்தான் முடியும்.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட இடங்களுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தெரிவிக்க வேண்டும், வாரியம் 90 நாளில் பார்த்துச் சொல்ல வேண்டும், மாசுபடுத்தியவரைக் கண்டுபிடித்துச் செலவை வசூலிக்க வேண்டும். வரவேற்கிறேன். ஆனால் அந்தக் கெடுக்களெல்லாம் அலுவலகங்களுக்கு இடையில் ஓடுபவை. குடியிருப்பவர்களுக்கு வக்கீல் வைத்துத் தரும் ஏற்பாடு அந்த விதிகளில் இல்லை. தங்கள் தெருவைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுக்கவும், சேர்க்காவிட்டால் கேட்கவும் அவர்களுக்கு உதவி வேண்டும்.

கையெழுத்துப் போட மக்களே தயங்குகிறார்கள் என்று அதிகாரிகள் சொல்வார்கள். உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் பக்கத்துக் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார், மனுவில் பேர் வந்தால் கேட்டில் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். மாசுபட்ட இடம் என்று அரசே அறிவித்துவிட்டால் காலி மனை விலை போகாது, வங்கி கடன் தராது, பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்ற கவலையும் உண்டு. இவை அற்பமான பயங்கள் அல்ல. ஆளுக்கு ஆள் வேறுபடுபவை. அவற்றைத் தனியாக உட்கார்ந்து கேட்டு, இதைச் செய்தால் இது நடக்கும், இது நடக்காது என்று உண்மையைச் சொல்லும் வக்கீலிடம்தான் ஒரு பெண் நம்பிக் கையெழுத்துப் போடுவார். கல்யாண மண்டபத்தில் மேடை போட்டு நடத்தும் சட்ட விழிப்புணர்வு முகாமில் இது நடக்காது.

ஆகவே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் என் வேண்டுகோள் இதுதான். காரை, புளியங்கண்ணு, வானாபாடி என்று சிப்காட்டை ஒட்டிய ஊர்களில் வாரம் ஒருநாளாவது சட்ட உதவி மேசை திறவுங்கள். சட்டத் தன்னார்வலர்களுக்கு அடங்கல் நகல் எடுக்கவும், ஓ.பி. சீட்டுகளை வரிசைப்படுத்தவும் பயிற்சி கொடுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் குறிப்பிட்ட சில கிணறுகளில் முறைப்படி மாதிரி எடுத்து, அறிக்கையை ஒரே பதிவேட்டில் வையுங்கள். நாளைக்கு யார் வழக்குப் போட்டாலும் பயன்படும். பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகும் வக்கீலுக்குச் சென்னை போய்வரும் செலவும், நிபுணர் கட்டணமும் கொடுங்கள். மனு ஆங்கிலத்தில் போகிறது என்பதால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மனுதாரருக்குத் தமிழில் ஒரு நகல் கையில் தர வேண்டும்.

அந்த ஊர்ப் பெண்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். இலவச வக்கீல் பெற உங்களுக்கு வருமான வரம்பு கிடையாது. வீட்டுக்காரர் எவ்வளவு சம்பாதித்தாலும், நிலம் யார் பேரில் இருந்தாலும், பெண் என்பதே தகுதி. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது வீட்டில் கிடக்கும் எல்லாக் காகிதத்தையும் எடுத்துப் போங்கள். பழைய கரண்ட் பில், வீட்டு வரி ரசீது, ஆஸ்பத்திரி சீட்டு, தண்ணீர் லாரிக்குக் காசு கொடுத்த கணக்கு எழுதிய நோட்டு எதையும் விட வேண்டாம். கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். அதில் இருக்கும் தேதி பின்னால் வழக்குக்குத் தேவைப்படும்.