வீட்டுப் பேச்சின் தொனி

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாக மலையேறும் சாலை வெள்ளிமலைக்குப் போகிறது. கல்வராயன் மலையின் முக்கியமான ஊர் அது. எலும்பு முறிந்தால் அவ்வூரார் எப்படியும் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்துவிடுவார்கள். 2022-ல் அங்கே அரசாங்க மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டிருக்கிறது. ஆனால் மனம் நொந்து மூலையில் உட்கார்ந்துவிட்ட பிள்ளையை யார் உடனே பஸ் ஏற்றி அழைத்து வருகிறார்கள்? அவனுக்கு முதல் வைத்தியர்கள் வீட்டார்தாம். மலையில் மட்டும் என்ன? சென்னையில் ஆஸ்பத்திரிக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பவர்களின் கதையும் இதுவேதான்.

வீட்டாரின் வார்த்தைக்கு அத்தனை சக்தி உண்டா என்று நேயர்கள் கேட்கலாம். கணக்கெடுத்தே பார்த்திருக்கிறார்கள்.

லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் 1958-ல் ஒரு விசித்திரமான செய்தியை வெளியிட்டார்கள். மனநோய் ஆஸ்பத்திரியிலிருந்து வெளிவந்தவர்களில், பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைக் காட்டிலும் வாடகை அறைக்குப் போனவர்கள் நலமாக இருந்தார்களாம்! காரணத்தைத் தேடியவர்கள், உறவினரைப் பேசவிட்டு, சொல்லை மட்டுமன்றிக் குரலின் தொனியையும் கவனித்தார்கள். 1972-ல் விடை கிடைத்தது. ஓயாத குற்றச்சாட்டு, வெறுப்பு, அளவு கடந்த கவலை ஆகியவை நிறைந்த வீடுகளுக்குத் திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளில் 100-க்கு 58 பேருக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் திரும்பிற்று. மற்ற வீடுகளில் 16 பேருக்குத்தான்.

நம் நாட்டில் சண்டிகாரிலும் இவ்வாராய்ச்சி நடந்தது. 1987-ல் வெளியான முடிவின்படி, குற்றம் கூறும் உறவினர் லண்டனைவிட இங்கே மிகவும் குறைவு; நோய் திரும்பியவர்களும் குறைவு. நாம் பெருமைப்படலாம். ஆனால் முழுவதும் பெருமைப்பட வழியில்லை. வெறுப்புப் பேச்சு இருந்த வீடுகளில் இங்கேயும் நோய் அதிகமாகவே திரும்பியிருக்கிறது.

நோயை உண்டாக்கியவர்கள் வீட்டார் என்பது இதன் பொருளன்று. மருந்தை நிறுத்திவிட்டு இன்சொல் பேசினால் போதும் என்பதும் பொருளன்று. மருந்தோடு இன்சொல்லும் வேண்டும் என்பதே பொருள்.

"பிறவிக் குணத்தை மாற்ற முடியுமா?" என்று சிலர் சொல்வார்கள். முடிகிறது. லண்டனில் 1982-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், நோயாளிகள் எல்லாருக்கும் மருந்து கொடுத்து, ஒரு பகுதியாரின் வீட்டாருக்கு மட்டும் நோயின் தன்மையையும் பழகும் முறையையும் கற்பித்தார்கள். கற்பிக்காத வீடுகளில் பாதிப் பேருக்கு நோய் திரும்பிற்று. கற்பித்த வீடுகளில் 100-க்கு 9 வீதம்தான்.

நோயில்லாத வீட்டுக்கும் இதில் பாடம் உண்டு. அமெரிக்காவில் தம்பதிகளின் சச்சரவுகளைப் பல ஆண்டுகள் கவனித்த ஜான் காட்மன் என்ற மனோதத்துவ நிபுணர், நிலைத்த இல்லறங்களில் சச்சரவின் நடுவிலேகூட ஒரு கசப்புக்கு ஐந்து இனிப்பு இருக்கக் கண்டார். அவர்களும் சண்டை போடுகிறவர்கள்தாம். ஆனால் சண்டைக்கு நடுவே ஒரு சிரிப்பு, ஒரு தலையசைப்பு, "நீ சொல்வதும் சரிதான்" என்ற ஒரு வார்த்தை வந்துவிடுகிறது.

பரீட்சையில் தவறிய பையனிடம், "தண்டச் சோறு, எழுந்து வா!" என்றும் சொல்லலாம், "சோறு ஆறுகிறது, வா அப்பா" என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் செலவு ஒன்றுதான். உண்ணும் சோறும் ஒன்றுதான். உடம்பில் ஒட்டுவது எது என்பதைத் தாய்மார்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை; தந்தைமார்களுக்குத்தான் அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது.