மட்டை பிடிக்கும் முறை

ஒவ்வொரு வசந்தத்திலும், பனி உருகிப் புல் தலைகாட்டியதும், அமெரிக்கச் சிறுநகரங்களின் பூங்காத் துறைகள் பெரியவர்களுக்கான சாஃப்ட்பால் லீக்கை அறிவிக்கின்றன. அறிவிப்போடு ஒரு விதிப்புத்தகமும் வருகிறது. அதன் பின்னாலேயே, தவறாமல், ஒரு முணுமுணுப்பும் வருகிறது: "வேலை முடிந்த மாலையில் கொஞ்சம் வியர்வை சிந்திவிட்டுப் போக வந்திருக்கிறோம். இதற்கு இத்தனை பக்கச் சட்டமா? உலகக் கோப்பையா ஆடுகிறோம்?" இவ்வாண்டு எங்கள் அணிக் கூட்டத்தில் இதைச் சொன்னவர் பந்தை வெகுதூரம் அடிக்கக்கூடிய ஓர் இளைஞர். விதிகளில் பாதியைத் தூக்கி எறிய வேண்டும் என்றார். கைதட்டல் எழுந்தது. இந்தக் கட்டுரை அந்தக் கைதட்டலுக்கு எதிரானது.

இந்த ஆட்டத்தில் பழக்கமில்லாத வாசகர்களுக்காகச் சில செய்திகள். பொழுதுபோக்கு லீக்குகளில் பெரும்பாலும் ஆடப்படுவது 'ஸ்லோ பிட்ச்' வகை. பிட்ச்சர் கையைத் தாழ்த்தி எறியும் பந்து குறைந்தது ஆறடி உயரத்துக்கு வளைந்து எழும்பி, மெல்ல மிதந்து வந்து இறங்கும். களத்தில் பத்துப் பேர், ஏழு இன்னிங்ஸ். ஆண்களும் பெண்களும் கலந்து ஆடும் லீக்குகளில் வழக்கமாக ஐந்து ஆண்கள், ஐந்து பெண்கள்; மாறி மாறி மட்டை பிடிக்க வேண்டும். ஆடுபவர்கள் பள்ளி ஆசிரியர்கள், மின்பணியாளர்கள், செவிலியர்கள், என்னைப் போன்ற கணினிக்காரர்கள். நாற்பதைத் தாண்டிய முழங்கால்கள் அநேகம்.

விதிகள் பிற்காலத்தில் அதிகாரிகள் கொண்டுவந்து ஒட்டியவை, ஆதியில் ஆட்டம் சுதந்திரமாக இருந்தது என்றொரு கற்பனை நம்மிடம் உண்டு. சாஃப்ட்பாலின் பிறப்பே அதை மறுக்கிறது. 1887 நவம்பரில், சிகாகோவின் ஃபாரகட் படகுக் கழகத்தில், ஹார்வர்ட், யேல் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான கால்பந்தாட்டத்தின் முடிவுக்காகச் சிலர் காத்திருந்தார்கள். யேல் வென்ற செய்தி வந்ததும் ஒருவர் குத்துச்சண்டைக் கையுறையை வீச, இன்னொருவர் துடைப்பக் கட்டையால் அதை அடித்தார். அங்கிருந்த ஜார்ஜ் ஹான்காக் என்பவர் கையுறையை இறுகக் கட்டிப் பந்தாக்கினார். தரையில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தார். கோடு விழுந்த பிறகுதான் அது ஆட்டமாயிற்று. அதுவரை அது ஒரு கையுறையும் துடைப்பமும்தான். அறைக்குள் ஆட வேண்டும், யாருக்கும் அடிபடக் கூடாது என்ற இரண்டு கட்டாயங்களிலிருந்து உருவான ஆட்டம் இது. கட்டுப்பாடுதான் இதன் தாய்.

விதி எதிர்ப்பாளர்களின் முதல் கேலி பாதுகாப்பு விதிகளைப் பற்றியது. முதல் பேஸில் இரண்டு பேஸ்கள் பக்கம் பக்கமாக இருக்கும்: தடுப்பவருக்கு வெள்ளை, ஓடி வருபவருக்கு ஆரஞ்சு. மூன்றாம் பேஸுக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே பல லீக்குகளில் ஒரு கோடு உண்டு. அதைத் தாண்டியவர் திரும்ப முடியாது, அவரை யாரும் தொட்டு அவுட்டாக்கவும் முடியாது. பந்தைப் பிடித்தவர் பிளேட்டை மிதித்தால் போதும். இருவர் ஒரே இடத்தை நோக்கி முழு வேகத்தில் பாய்வதைத் தவிர்க்கத்தான் இவ்வளவும். "குழந்தைகளுக்கான விதிகள்" என்று இவற்றைச் சிரிக்கிறார்கள்.

1980களில் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் மருத்துவர்கள் ஓர் ஒப்பீடு செய்தார்கள். தரையில் அசையாமல் பொருத்திய பேஸ் கொண்ட மைதானங்களிலும், கால் மோதினால் கழன்றுகொள்ளும் பேஸ் கொண்ட மைதானங்களிலும் தலா அறுநூற்றுக்கும் மேற்பட்ட பொழுதுபோக்கு ஆட்டங்களைக் கவனித்தார்கள். சறுக்கியதால் ஏற்பட்ட காயங்கள் முதல் வகையில் 45. இரண்டாம் வகையில் 2. முடிவுகள் 1988இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தன. 45 என்பது கணுக்கால்களின், மணிக்கட்டுகளின் எண்ணிக்கை. மறுநாள் காலை ஏணி ஏற வேண்டியவருக்கும் நோயாளியைத் தூக்க வேண்டியவருக்கும் அது கூலியின் எண்ணிக்கையும்கூட. கோடிகளில் ஊதியம் பெறும் தொழில்முறை பேஸ்பாலிலேயே, 2011இல் சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் பஸ்டர் போஸி ஹோம் பிளேட் மோதலில் காலை முறித்துக்கொண்டு அந்தப் பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களை இழந்தார். 2014இல் அங்கும் மோதலுக்கு எதிரான விதி வந்தது. குழந்தைத்தனம் என்று சிரித்ததைத் தொழில்முறைக்காரர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் உண்மையான சண்டை இதைப் பற்றியதல்ல. கைதட்டல் வலுத்தது வேறொரு விதியைப் பற்றிப் பேசும்போது.

பிட்ச்சர் நான்கு பந்துகளைத் தவறாக எறிந்தால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம். இதை 'வாக்' என்பார்கள். கலப்பு ஆட்டத்தில் இது சூழ்ச்சிக்கு வழிவிடுகிறது. பலமாக அடிக்கும் ஆண் வருகிறார். அவருக்கு வேண்டுமென்றே நான்கு பந்துகளை அகலமாக எறிந்து அனுப்பிவிட்டு, பின்னால் வரும் பெண்ணை எளிதில் அவுட்டாக்கிவிடலாம் என்று பிட்ச்சர் கணக்குப் போடுகிறார். இதைத் தடுக்கத்தான் கலப்பு ஆட்டத்தில் ஒரு விதி இருக்கிறது: ஆண் பேட்டருக்கு வாக் கொடுத்தால் அவருக்கு இரண்டு பேஸ். ஏற்கெனவே இருவர் அவுட்டாகியிருந்தால், அடுத்து வரும் பெண் மட்டை பிடிக்கலாம், அல்லது அவரும் வாக் எடுத்துக்கொள்ளலாம். தேர்வு அவருடையது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஆடிய ஒரு லீக்கில் 'எளிமை' என்ற பெயரில் இதை நீக்கினார்கள். எங்கள் அணியில் மருத்துவமனைப் பணி முடிந்து நேரே மைதானத்துக்கு வரும் ஒரு செவிலியர் இருந்தார். அணியின் மிகச் சிறந்த பேட்டருக்கு அடுத்த இடம் அவருக்கு. ஓர் ஆட்டத்தில் எதிரணி பிட்ச்சர் அந்தச் சிறந்த பேட்டருக்கு மூன்று முறை வாக் கொடுத்தார். மூன்று முறையும் பேஸ்கள் நிறைந்திருக்க, மொத்த மைதானமும் பார்த்திருக்க, அவர் வந்து நின்றார். மூன்று முறையும் அவுட். யாரும் எந்த விதியையும் மீறவில்லை. யாரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லை. மட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு, காலையில் பணி இருக்கிறது என்று கிளம்பினார். அடுத்த பருவத்துக்கு அவர் வரவில்லை. அவரைப் போலவே வேறு இருவரும் வரவில்லை. போதிய பெண்கள் இல்லாமல் எங்கள் அணி ஆட்டங்களை ஆடாமலே இழந்தது. எதிரிகள் பயந்து விலகிய அந்தச் சிறந்த பேட்டருக்கும் மட்டை பிடிக்க இடமில்லாமல் போயிற்று.

இதற்கு வரும் மறுப்பு வலுவானது; அதை ஒதுக்கிவிட முடியாது. "பெண்ணால் அடிக்க முடியாது என்று விதியே சொல்வது அவமானம் இல்லையா? சமம் என்றால் எல்லாருக்கும் ஒரே விதிதானே?" விதியை மீண்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அந்தப் பெண்ணின் திறமையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அது பேசுவதெல்லாம் போட்டியைத் தட்டிக்கழிக்கும் பிட்ச்சரைப் பற்றி. எல்லாருக்கும் அடிக்கக்கூடிய பந்தை எறிபவருக்கு இந்த விதி ஒருநாளும் பெரிய இடைஞ்சலாக இராது. அவமானம் எங்கே நிகழ்கிறது? நான்கு பந்துகள் வேண்டுமென்றே அகலமாகப் போகும்போது, மட்டையோடு காத்து நிற்கும் ஒருவரின் முகத்துக்கு நேரே. விதி செய்வது, அந்த அவமானத்துக்கு ஒரு விலை வைப்பது. தற்செயலாக வாக் கொடுத்தவருக்கும் அதே தண்டனையா என்று கேட்கலாம். ஆம். அம்பயரால் கையைத்தான் பார்க்க முடியும், மனதைப் பார்க்க முடியாது.

பேஸ்பாலிலிருந்து சாஃப்ட்பாலும் பெற்றுக்கொண்ட ஒரு பழைய விதியும் இதையே சொல்கிறது. 'இன்ஃபீல்ட் ஃப்ளை' விதி 1890களிலிருந்து இருப்பது. எளிதாகப் பிடிக்கக்கூடிய பந்தை வேண்டுமென்றே கீழே விட்டு, ஏமாந்த இரண்டு ஓட்டக்காரர்களை அவுட்டாக்கும் தந்திரத்துக்கு அது இடம் தருவதில்லை. 1975இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சட்ட இதழில், அப்போது மாணவராக இருந்த வில்லியம் ஸ்டீவன்ஸ் இந்த விதியின் தோற்றத்தைப் பொதுச்சட்ட மரபோடு ஒப்பிட்டு, பாதி விளையாட்டாக எழுதிய சிறு குறிப்பு இன்றும் பேசப்படுகிறது. சட்டம் படித்தவர்கள் அதை ரசித்ததில் வியப்பில்லை. திறமையால் பெற வேண்டியதைத் திறமையை மறைத்துப் பெறாதே என்பதுதானே அதன் சாரம்?

எல்லா விதிகளும் புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. சில லீக்குகளில் பெண் மட்டை பிடிக்கும்போது அவுட்ஃபீல்டில் நிற்பவர்கள் ஒரு கோட்டுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். அவர்கள் நாலுபேரும் நடந்து முன்னால் வந்து நிற்கும் ஏளனத்தைத் தடுக்க வந்த விதி அது, நோக்கம் நல்லது. ஆனால் அப்படி முன்னால் வந்தவர்களின் தலைக்கு மேலே அடித்து அவர்களைத் திரும்ப ஓடவிடும் மகிழ்ச்சியை, அடிக்கத் தெரிந்த பெண்ணிடமிருந்து அது பறித்துவிடுகிறது. கோடு வேண்டுமா வேண்டாமா என்பதை மட்டை பிடிப்பவரே சொல்லட்டும். வாக் விதி தேர்வை அவரிடம் விடுகிறது. கோட்டு விதி விடுவதில்லை. நல்ல விதிக்கும் மோசமான விதிக்கும் இடையே நான் காணும் வித்தியாசம் இதுதான். விதிப்புத்தகத்தைத் திருத்துவதென்றால் இங்கிருந்து தொடங்குவோம்.

"வெறும் விளையாட்டுதானே" என்பதை யார் சொல்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். விதி இல்லாவிட்டாலும் தன் இடம் போகாது என்று தெரிந்தவர்கள்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். மற்றவர்கள் விதி போனதும் ஒப்புக்குச் சப்பாணியாகிவிடுகிறார்கள். எண்ணிக்கைக்கு அவர்கள் வேண்டும், ஆட்டத்துக்கு வேண்டாம்.

தமிழில் 'முறை' என்று ஒரு சொல் இருக்கிறது. வரிசையில் ஒருவருக்கு வந்து சேரும் வாய்ப்பு முறை. ஒழுங்கும் முறை. அரசன் நீதி வழங்குவதை முறைசெய்தல் என்றார்கள். நீதி என்பது கடைசியில் ஒருவருக்கு அவருடைய முறை வந்து சேர்வதுதான் என்று இந்த மொழி எப்போதோ கண்டுகொண்டிருக்கிறது. அடுத்த வாரம் எங்கள் அணி வாக்கெடுக்கப் போகிறது. வாக் விதியை வைத்துக்கொள்ளச் சொல்லி நான் கையுயர்த்துவேன். தோற்றாலும், மட்டை வரிசையில் எனக்குப் பின்னால் நிற்பவரின் முகத்தைப் பார்த்து என்னால் பேச முடியும்.