கொடியேறிய களம்

ஓர் இனத்தின் நெஞ்சத் துடிப்பை அறிய விழைவார், அதன் ஆட்சிமன்றத்தை நாடிச் செல்லவேண்டுவதில்லை; அம்மக்கள் கூடி ஆர்க்கும் இடத்திற்குச் சென்றாலே போதும். பாசுக்கு நாட்டுப் பில்பாவோ நகரில் அத்தகைய இடம் ஒன்றுண்டு. சான் மாமேசு என்பது அதன் பெயர். கால்பந்தாட்ட அரங்கம் என்று சொல்லி அதனைக் கடந்துபோக இயலாது. நூறாண்டுக்கும் மேலாக ஓர் இனம் தன் முகத்தைக் கண்டுவரும் கண்ணாடி அது!

ஆட்ட நாளில் அங்குச் செல்வார் எவரிடமும் வழி கேட்கவேண்டா. நகரின் நடுவே செல்லும் போசா தெருவில், சிவப்பும் வெள்ளையும் அணிந்த முதியோரும் மகளிரும் சிறாரும் ஆறெனத் திரண்டு செல்வர். அத்தெருவின் முடிவில் அரங்கம் எழுந்து நிற்கும். 1913இல் திறக்கப்பெற்ற பழைய அரங்கிற்கு மாற்றாக, அதனை அடுத்தே 2013இல் புதியது எழுந்தது. அரிமாக்களின்முன் எறியப்பட்டும் ஊறின்றி நின்றதாகச் சொல்லப்பெறும் மாமேசு அடியாரின் பெயரே களத்திற்கு அமைந்தது. ஆகவே ஆட்டக்காரரும் அரிமாக்கள் எனப் பெற்றனர். முதன்முறை அங்கு ஆடவரும் மாற்றணியின் தலைவர், பிச்சிச்சி என்பாரின் மார்பளவுச் சிலைக்கு மலர் வைத்தல் மரபு. பழைய களத்தில் முதல் இலக்கை எய்தியவர் அவர். 1922இல் இளமையிலேயே மறைந்தவர்.

உலகெங்கும் அணிகள் பொருள் கொடுத்து ஆட்டக்காரரை விலைக்கு வாங்குகின்றன. அத்துலெத்திக்கு அணியோ, பாசுக்கு மண்ணில் பிறந்தாரையோ அம்மண்ணின் அணிகளில் பயின்றாரையோ அன்றிப் பிறரைச் சேர்ப்பதில்லை. இது குருதி பார்க்கும் குறுநோக்கமன்று. கானா நாட்டிலிருந்து வந்த பெற்றோர்க்குப் பிறந்த வில்லியம்சு உடன்பிறப்பினர் இருவரும் அவ்வணியின் அரிமாக்களே. இத்தனை கட்டுப்பாட்டுக்கிடையிலும் இசுப்பானிய முதற்பிரிவினின்று அவ்வணி ஒருமுறையும் இறங்கியதில்லை. 2024இல், நாற்பதாண்டுக்குப் பின் அரசர் கோப்பையை வென்றபோது, வென்றாரை ஏற்றிய படகைக் காண ஆற்றின் இருகரையும் மக்கள் வெள்ளமாயின.

இப்பெருமிதம் எளிதில் வந்ததன்று. பிராங்கோவின் கொடுங்கோலாட்சியில் பாசுக்கு மொழி பள்ளியினின்று துரத்தப்பட்டது, குழந்தைக்குத் தாய்மொழியில் பெயரிடவும் தடை, கொடிக்கும் தடை. 1941இல் அணியின் பெயரே இசுப்பானிய வடிவிற்கு மாற்றப்பட்டது. அவன் இறந்து ஓராண்டு கழிந்த 1976 திசம்பர் 5ஆம் நாள், சான் செபாசுத்தியன் நகரத்து அத்தோச்சா களத்தில் இரு பாசுக்கு அணிகள் எதிர்நின்றன. கொடிக்குத் தடை நீங்காத நாள் அது. ஆட்டக்காரர் ஒருவரின் உடன்பிறந்தாள் தைத்த கொடியை, இரு தலைவர்களான இரிபாரும் கோர்த்தபாரியாவும் ஆளுக்கொரு புறம் பற்றிக் களத்திற்கு ஏந்திவந்தனர். ஆட்டத்தில் எதிரிகள், இனத்தில் ஒருவர்! அடுத்த திங்களில் தடை நீங்கிற்று.

ஆயினும் இங்கே நின்றுவிடலாகாது. கொடி மீண்டது, மொழி மீண்டதா? 1979ஆம் ஆண்டுத் தன்னாட்சிச் சட்டம் பாசுக்கு மொழியை ஆட்சிமொழியாக்கிற்று. எனினும் பில்பாவோவில் அதனை அன்றாடம் பேசுவார் இன்றும் சிறுபான்மையரே. சான் மாமேசில் தொண்டை கிழிய ஆர்ப்போருள் பலர் வீடு திரும்பிப் பேசுவது இசுப்பானியமே. பாசுக்கு மகனை அவன்மொழி 'எவுசுகல்தூன்' என்றழைக்கும். தம்மொழியை உடையவன் என்பதே அதன் பொருள். மொழியை இழந்தபின் அப்பெயருக்கு உரியவர் யார்?

இதனை உணர்ந்தோர் அங்கு இல்லாமலில்லை. அடக்குமுறைக் காலத்திலேயே பெற்றோர் கூடித் தாய்மொழிப் பள்ளிகளைத் தொடங்கினர். 1980 முதல் மொழிக்கெனவே நாடு முழுதும் தொடரோட்டம் ஓடுகின்றனர். அதில் வெல்வாருமில்லை, தோற்பாருமில்லை. கைக்குக் கை மாறுவது ஒரு சிறு கோலே.

களத்தில் எழும் ஆர்ப்பரிப்பு சில நாழிகையில் அடங்கிவிடும். அடுப்பங்கரையில் அன்னை பேசும் மொழியும், பள்ளியில் பிள்ளை எழுதும் மொழியுமே அவ்வினத்தை நாளை காப்பன. கொடியை உயர்த்த ஒருநாள் துணிவு போதும். மொழியைக் காக்கவோ நாள்தோறும் துணிவு வேண்டும்!